ஆள்காட்டி வாய் திறக்காத பகல்

அந்தக் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் எதையும் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தபோது, அவற்றுக்கு ஒரு பேரவை இருந்தது. வற்றிய ஏரியில் எஞ்சிய ஒரே மடுவின் கரையில், மருத மரத்தடியில் அது கூடும். உறுப்பினர்கள் நாற்பது பேர். கூழைக்கடா என்னும் பெரிய நீர்ப்பறவை அவைத்தலைவர். தலைவரையும் சேர்த்து நால்வரேனும் இல்லாமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்பது விதி. ஆனால், குறைவை ஓர் உறுப்பினர் எழுந்து சொல்லும்வரை அவை நிறைந்திருப்பதாகவே கொள்ளப்படும்.

ஒரு கோடை நண்பகலில், மேய்ச்சல் எல்லை பற்றிய அறிக்கையை நரி இழுத்து இழுத்து வாசித்தது. அத்திப்பழம் உதிர்கிறதென்று உறுப்பினர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மற்றவர்கள் இருப்பார்கள் என்றே ஒவ்வொருவரும் நம்பினார்கள். வாசித்து முடித்த நரியும் போயிற்று. எஞ்சியவர்கள் மூவர்: கண்ணயர்ந்த தலைவர், முதலை, ஆள்காட்டிக் குருவி.

ஆள்காட்டியின் முட்டைகள் கரைச் சரளையில் கிடந்தன. அடிக்கடி மடுவில் மார்பு இறகை நனைத்து வந்து அது அவற்றைக் குளிர்விக்கும்.

முதலை எழுந்தது. "தலைவர் அவர்களே, சிறிய தீர்மானம்தான். இன்று முதல் மடு எனக்கே உரியது. என் இசைவின்றி நீரைத் தொடுபவர் எனக்கு உணவு."

"எதிர்ப்பவர் உண்டா?" என்றது கூழைக்கடா, வழக்கம்போல் கண் திறவாமலே.

ஆள்காட்டி அலகைத் திறந்தது. முதலை அதனருகே ஊர்ந்து வந்தது.

"என்ன தாயி, ஏதோ சொல்ல வந்தாய் போலிருக்கிறதே?"

"எண்ணிக்கை..."

"எனக்கும் எண்ணத் தெரியும். அந்தச் சரளையில் நாலு. பேசாமல் இரு, ஒன்றைக்கூட நான் தொட மாட்டேன். இது அவையில் கொடுக்கும் வாக்கு."

ஆள்காட்டி அலகை மூடிக்கொண்டது.

"எதிர்ப்பு இல்லை. நிறைவேறியது," என்று சொல்லிவிட்டுத் தலைவர் மீண்டும் உறங்கினார்.

பழம் தின்ற தாகத்தோடு முதலில் திரும்பியது புள்ளிமான். அது வாய் வைத்ததும் நீர் பிளந்தது.

"அவையில் இருந்திருக்க வேண்டும், ஐயா," என்றது முதலை. அதற்குமேல் மான் எதையும் கேட்கவில்லை.

ஆள்காட்டி அப்போதும் பேசவில்லை. முட்டைகள் சுடத் தொடங்கியபோது, நீரோரம் வந்து நின்றது.

"இறகு நனையும் அளவுக்குத்தான். இசைவு தா."

"தரவில்லை."

அது திரும்பிப் போய், வெயிலுக்கும் முட்டைகளுக்கும் இடையே சிறகை விரித்து நின்றது. ஒரு முட்டைக்குள் குஞ்சு தட்டிக்கொண்டிருந்தது. தட்டல் விரைந்தது. பிறகு நின்றது. மற்ற மூன்றும் முன்பே அடங்கியிருந்தன.

"தொட்டேனா?" என்று நீரிலிருந்து குரல் வந்தது. "ஒன்றையாவது தொட்டேனா, தாயி?"

அப்போதுதான் ஆள்காட்டி கத்தியது. அந்தக் கத்தலில் முப்பத்தாறு பேரும் ஓடி வந்தார்கள். அவை நிறைந்தது, பொழுது சாய்வதற்குள் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இரை ருசித்த முதலையின் வாயை மட்டும் எந்தத் தீர்மானத்தாலும் மூட முடியவில்லை.

"அப்போது மூவர்தான் இருந்தோம் என்பது உனக்குத் தெரியாதா?" என்றது கூழைக்கடா.

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"பயந்தேன்."

அதற்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை.

அன்று முதல்தான் ஆள்காட்டி ஒற்றைக் காலடி கேட்டாலும் ஊரைக் கூட்டிக் கத்துகிறது. அன்று முதல்தான் மனிதர்களின் சட்டப்பேரவையிலும், உறுப்பினர்கள் குறைந்தால், போதிய பேர் வந்து சேரும்வரை மணி அடிக்கிறார்கள். அதுவும், குறைவென்று யாரேனும் ஒருவர் எழுந்து சொன்ன பிறகுதான்.