நரைத்த பெஞ்சு

மிட்டாதாரின் தோட்டத்தில் தேக்கு என்று சொல்லிப் போட்ட இரண்டு பெஞ்சுகள். ஒன்று மாடக்கண்ணு ஆசாரி செய்தது. மற்றது காரியஸ்தர் டவுனில் வாங்கியது. இரண்டு மழைக்காலம் போனதும் ஆசாரியின் பெஞ்சு சாம்பலாய் நரைத்தது. மற்றது பளபளவென்று இருந்தது.

"தேக்கு எங்கேயாவது நரைக்குமாடா? என்னையே ஏமாத்துறியா?" என்று மிட்டாதார் ஆசாரியின் உளிப்பையைப் பிடுங்கிக் காரியஸ்தரிடம் கொடுத்தார். "பொழுது சாயறதுக்குள்ள இதுவும் அதுபோல மின்னணும். இல்லேன்னா இந்தப் பை உனக்கில்ல."

முப்பது வருஷம் சோறு போட்ட உளிகள். ஆசாரி ஒரு கல்லால் தன் பெஞ்சைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே பொன்னிறம், எண்ணெய் வாசம். மிட்டாதார் திரும்பியும் பார்க்கவில்லை.

பளபளத்த பெஞ்சின் காலில் ஏறியிருந்த மெல்லிய மண் தடத்தை ஆசாரி பார்த்தார்.

"சரிங்க எசமான். மின்னுறதுதான் தேக்குன்னா, அதுல உக்காந்தே தீர்ப்புச் சொல்லுங்க. கட்டுப்படுறேன்."

மிட்டாதார் வேட்டியை ஒதுக்கித் தன் பெருத்த உடம்பை இறக்கப் போனார்.

"ஐயா, அதுல வேண்டாம்" என்று காரியஸ்தர் ஓடிவந்து தாங்கினார்.

"ஏன்யா?"

ஆசாரி பெஞ்சின் காலை எட்டி உதைத்தார். வர்ணம் பிளந்து கரையான் மண் பொலபொலவென்று கொட்டியது.

"மாமரம் எசமான். வெயில்லயும் மழையிலயும் கிடந்தா தேக்கு நரைக்கும், உளுக்காது. இது வர்ணம் பூசிப் பூசி நரைக்கல, உளுத்துப்போச்சு."

மிட்டாதார் கண்ணைக் காட்ட, காரியஸ்தர் பையை நீட்டினார். ஆசாரி அதை வாங்கிக்கொண்டு நரைத்த பெஞ்சில் உட்கார்ந்து, உளிகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

எசமான் நிற்கும்போது வேலைக்காரன் உட்காரக் கூடாது என்பது அந்தத் தோட்டத்து வழக்கம். அன்று யாரும் அதை ஞாபகப்படுத்தவில்லை.