யாருக்கும் நட்டமில்லாத ஆண்டு

அரண்மனைக் கணக்கர் நன்னன் கெட்டிக்காரர். அதில் சந்தேகமே வேண்டாம். அவர் குருவாக ஏற்றிருந்தது தன்னைவிட வயதில் இளைய பெரியநாயகி அம்மையை. அம்மையின் மடத்தில் பசித்து வந்தவர் யாருக்கும் சோறு உண்டு. பௌர்ணமிதோறும் நன்னன் அங்கே பரிமாற வருவார்.

பரிமாறுகிறவர் சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அம்மை வைத்த வழக்கம். இலையைப் பார்க்கலாம், கையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். வந்தவரைக் கூச வைக்காத அந்த மனசுக்கே அவரைக் கும்பிடலாம்.

அந்த ஆண்டு நாட்டில் விலைவாசி ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. சித்திரை அறுவடை பொய்த்துப்போக, ஆடியில் நெல் யானை விலை குதிரை விலை விற்றது. பிறகு மழை கொட்டித் தீர்த்தது. தையில் விளைச்சல் குவிந்து, நெல்லைச் சீந்த ஆளில்லை. பங்குனியில் மன்னர் நன்னனைக் கூப்பிட்டார். இந்த ஆண்டு யாருக்காவது நட்டமா, இல்லையென்றால் நிலவரியை முழுசாக வசூலித்துவிடலாமா என்று கேட்டார். மறுநாளே பதில் சொல்லியாக வேண்டும்.

நன்னன் மடத்துக்கு வந்து அம்மையிடம் தன் முடிவைச் சொன்னார். ஏறிய விலை ஏறிய அளவுக்கே இறங்கிவிட்டது. மடத்துப் பந்தியில்கூட ஆடியில் எத்தனை இலை விழுந்ததோ அத்தனைதான் இப்போதும் விழுகிறது.

"ஆக, யாருக்கும் நட்டமில்லை. சரிதானே தாயே?"

அம்மை சாத வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

நன்னன் குனிந்து பரிமாறிக்கொண்டே போனார். ஆடியில் இதே வரிசையில், அரிசி வாங்க வழியில்லாமல் வந்த நெசவுத் தெருக்காரர்களின் கைகள் இருந்தன, நகமெல்லாம் நீலச்சாயம். இன்று அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கதிர் அரிவாள் கீறிய கைகள். நடுவே சுண்டுவிரல் இல்லாத ஒரு கை இலையோரம் காத்திருந்தது. நன்னனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தை பிறந்தால் மடத்துக்கு வண்டி வண்டியாக நெல் கொண்டுவந்து கொட்டும் செங்கோடரின் கை அது.

வாளியோடு திரும்பி வந்து, அம்மையிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"நெல் விளைவிக்கிறவர் இங்கே எப்படி?"

"விதையை ஆடி விலைக்கு வாங்கினார். விளைந்ததைத் தை விலைக்கு விற்றார்."

நன்னன் வாளியைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு மன்னரிடம் நான் என்ன சொல்வது?"

"யாருக்கும் நட்டமில்லை என்று அந்தக் கையைப் பார்த்து ஒருமுறை சொல்லிப் பாரும். வாய் வந்தால் மன்னரிடமும் சொல்லும். இப்போது போய்ச் சோறு போடும், அவர் இலை இன்னும் காலியாக இருக்கிறது."