முள்ளம்பன்றி முத்திரை குத்திய பல்

தாமரைக் குளத்து முதலைக்கு வயதாகி, இருந்த அறுபத்தாறு பல்லும் கொட்டிப்போயின. ஒரு வருஷமாக நத்தையை உறிஞ்சியே காலம் தள்ளியது.

"புதுப் பல் கட்டப்போகிறேன்! முதல் கடி அந்தக் குண்டு ஆமைதான்!" என்று ஒருநாள் கரையெங்கும் அறிவித்தது.

ஓடலாமென்றால், ஆமை ஓடி எப்போது போய்ச் சேர்வது?

மரங்கொத்தி இரண்டு வகைப் பல் செதுக்கிக் கொண்டுவந்தது. ஒன்று மான்கொம்பு. மற்றது பளபளக்கும் சிக்கிமுக்கிக் கல். எது நல்லது என்று சொல்ல, சோதனை அதிகாரி முள்ளம்பன்றி வந்தது. குருவிக் கூடா? முள்ளால் குத்தும். குரங்கின் ஊஞ்சல் கொடியா? முள்ளால் குத்தும். கரடியின் தேன் குடுக்கையைக் குத்தி, "ஒழுகுகிறது, தள்ளுபடி!" என்றதும் உண்டு. பாவம், அதனிடம் இருந்தது முள் மட்டும்தானே!

மான்கொம்பில் முள்ளை ஊன்றி, மேலே ஏறி உட்கார்ந்தது. சின்னதாய் ஒரு குழி விழுந்தது.

"சீச்சீ, மெத்து! தள்ளுபடி!"

கல்லில் ஊன்றியது. முள்தான் மழுங்கியது.

"அடேயப்பா! முதல் தரம்!" என்று முத்திரை குத்தியது.

கொக்கு கழுத்தை நீட்டியது. "ஐயா, கடிக்கிற பல்லாச்சே! பாறையில் ஓங்கி ஒரு போடு போட்டுப் பார்த்தால் என்ன?"

ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆமைக்குத் திக்கென்றது. போன கோடையில் அப்படியொரு கல் மேட்டிலிருந்து உருண்டு, பாறையில் மோதிச் சில்லுச்சில்லாய்ப் போனதை அது பார்த்திருந்தது. கொம்போ, மான்கள் நாள் முழுக்க முட்டிக்கொண்டாலும் தாங்கும். அடித்துப் பார்த்தால் கொம்புப் பல் முதலையின் வாய்க்குப் போகும். ஆமை வயிற்றுக்குப் போகும்!

"யாரிடம் என்ன கேட்கிறாய், கொக்கே!" என்று ஆமை பாய்ந்தது. "ஐயா இருபது வருஷமாய்க் குத்துகிறவர்! அவருக்கே பாடமா?"

முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டது. "அப்படிக் கேள்! இந்தக் குளத்தில் விவரம் தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்."

"பேச்சை விடுங்கள், பசிக்கிறது! கல்லையே கட்டு!" என்றது முதலை.

கட்டியாயிற்று. முதலை ஆமையைக் கவ்வி ஓங்கிக் கடித்தது. ஆமை தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளிழுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டது.

படீர்! அறுபத்தாறு பல்லும் பொடிப்பொடியாய் உதிர்ந்தன. ஆமை மெல்ல இறங்கி, ஓட்டுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனது.

"அடேய்! என்ன முத்திரைடா குத்தினாய்?" என்று முதலை பொக்கை வாயால் அலறியது.

முள்ளம்பன்றி அசரவில்லை. உடைந்த துண்டு ஒன்றை எடுத்து முள்ளால் குத்தியது. "பாருங்கள், இப்போதும் குழி விழவில்லை. பல்லில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் கடித்ததுதான் தப்பு!"

குழி விழாத பொருளெல்லாம் அடி தாங்கிவிடாது. எது எந்த வேலைக்கோ, அந்த வேலையைக் கொடுத்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும்.