மிளகுத் திருகை ஏன் ஒரு பக்கம் மட்டும் அரைக்கிறது

மரங்கள் வெட்டுப்பட்ட பிறகும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மரவேலை இப்போது போல நிம்மதியான வேலையாக இல்லை. கதவைத் திறந்தால் கதவு முனகும். இன்னும் எவ்வளவு நேரம் படுத்திருப்பாய் என்று கட்டில் கேட்கும். இன்றைக்கு உழ வரமாட்டேன் என்று ஏர் சொல்லும். எல்லாவற்றையும் சமாதானப்படுத்தித்தான் காரியம் நடக்கும்.

அப்போது மிளகு விளையும் ஒரு மலையில் நாற்பது வீடு கொண்ட ஊர் ஒன்று இருந்தது. ஆடி பிறந்தால் அங்கே மூன்று மாதம் மழை விடாது. வீட்டுக்கு வீடு சளியும் காய்ச்சலும் பிடிக்கும். மிளகு ரசம்தான் மருந்து. ஆனால் அந்த ஈரத்தில், பொடித்து வைத்த மிளகு இரண்டே நாளில் பூசணம் பூத்துவிடும். காய்ச்சலில் கிடப்பவர்கள் வேளைக்கு வேளை எழுந்து அம்மியில் நுணுக்கவும் முடியாது. படுத்தபடியே கையில் பிடித்துத் திருகினால் பொடி விழுகிற மாதிரி வீட்டுக்கு ஒரு மரத் திருகை வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தார்கள். மழைக்குள் நாற்பதும் கடைந்து தரும்படி செங்கோடனிடம் சொன்னார்கள்.

செங்கோடன் அந்த ஊரின் ஒரே கடைசல்காரன். அவனுடைய பட்டறை என்பது தரையில் நட்ட இரண்டு கட்டைகள், அவற்றில் எதிரெதிராக இரண்டு இரும்பு முனைகள், ஒரு கயிறு, அவ்வளவுதான். முனைகளுக்கு நடுவே மரத்துண்டைப் பொருத்தி, கயிற்றை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு நுனியையும் அவன் மனைவி பாவாயி பிடித்துக்கொள்வாள். வலக்கையால் இழுத்தால் மரம் இந்தப் பக்கம் சுழலும். இடக்கையால் இழுத்தால் அந்தப் பக்கம் திரும்பும். மரம் இந்தப் பக்கம் சுழலும்போதும் செங்கோடன் கடைவான், அது திரும்பும்போதும் உளியைப் புரட்டிப் பிடித்துக் கடைவான். அந்தக் காலத்தில் அதுதான் முறை. உளி மரத்தில் அழுந்தும்போதெல்லாம் கயிறு கனக்கும். உளி மரத்தை விட்டு எழுந்ததே இல்லை, அதனால் கயிறு லேசானதும் இல்லை.

காற்றில் சாய்ந்த ஒரு பெரிய பலாவை அறுத்துக் காயவைத்திருந்தான். முதல் துண்டை முனையில் மாட்டியதுமே அது பெருமூச்சு விட்டது.

"நாப்பது வருசம் மிளகுக்கொடிய முதுகுல சுமந்தேன், செங்கோடா. சாஞ்சாச்சு, இனிமேலாவது படுத்துக்கலாம்னு இருந்தேன். இப்ப அதே மிளக வயித்துல சுமக்கச் சொல்றியா?"

"காய்ச்சக்காரங்களுக்குப்பா. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றான் செங்கோடன். பலா பொறுத்துக்கொண்டது. பொறுத்தே பழகிய மரம் அது.

ஒவ்வொரு துண்டாக உருட்டி, வயிற்றைக் குடைந்து, அடியில் பல் வெட்டி, மேலே திருகும் தலை ஒன்றைப் பொருத்தினால் ஒரு திருகை முடியும். இருபதாவது முடிந்தபோது பாவாயியால் வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இருபத்தைந்தாவதில் இடக்கையும் போனது. சொந்தக் கூந்தலை முடிய அவளால் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து முடிந்துவிட்டுப் போனாள். சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல், வாயைச் சோற்றிடம் கொண்டுபோனாள். இன்னும் பத்து நாள் இப்படி இழுத்தால் கை இரண்டும் உதவாமல் போய்விடும் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

செங்கோடன் கெட்டவன் இல்லை. பார்க்காதவன், அவ்வளவுதான். கடைசல்காரன் கண்ணை மரத்தை விட்டு எடுத்தால் விரல் போய்விடும் என்பது உண்மை. அதைச் சாக்காக வைத்து அவன் வேறு எதையுமே பார்ப்பதில்லை என்பதும் உண்மை.

இருபத்தெட்டு முடிந்த அன்று, உளி தீட்ட அவன் வெளியே போயிருந்தான். முனையில் மாட்டியிருந்த இருபத்தொன்பதாவது துண்டு பேச்சுக் கொடுத்தது.

"அசதியா இருக்குது, அம்மிணி."

"உனக்கென்ன அசதி? சும்மா சுத்தற. இழுக்கறது நானு" என்றாள் பாவாயி.

"நீ சும்மா இழுக்கற. வெட்டுப்படறது நானு."

யார் அதிகம் களைத்தவர் என்று இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வழக்காடிப் பார்த்தார்கள். அதற்கும் தெம்பு இல்லாமல் விட்டுவிட்டார்கள்.

"தண்ணிக்குப் போறவ, போகும்போது காலிக் கொடத்தோட தான போறா?" என்றது பலா. "ஒரு வழியாவது லேசு. இங்க போற வழியும் கனம், வர்ற வழியும் கனம். திரும்பறப்ப உளிய எடுக்கச் சொல்லேன் உன் புருசன."

செங்கோடன் வந்ததும் அவள் சொல்லத்தான் சொன்னாள். "ஏனுங்க, கயிறு திரும்பி வர்றப்ப உளியக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா? கை முடியலீங்க."

"அப்பிடி உட்டா பாதிதான் ஆகும் புள்ள. மழைக்குள்ள நாப்பது ஆக வேண்டாமா?" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கும் அலுப்புதான்.

மறுபடி இழுத்தாள். கயிறு திரும்பும்போது பலா உளியைக் கவ்வியது. ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை விரிசல் விட்டு இரண்டாகப் பிளந்தது. விறகாகப் போனாலும் சரி என்று நினைத்துவிட்டது போலும். செங்கோடன் அடுத்த துண்டை மாட்டினான். அதுவும் அதே பலாதானே. கயிறு திரும்பும்போது அதுவும் பிளந்தது.

"வர்ற இழுப்புல கயிறு துவளுது. அதான் உளி மாட்டுது" என்றான் அவன். "நீ இங்க வந்து உளியப் புடி. எப்பிடி இழுக்கறதுன்னு நான் காட்டறேன்."

பதினைந்து வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்தவளுக்கு உளி புதிதில்லை. புதுத் துண்டை மாட்டி, இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

முதல் பத்து இழுப்பு அவன் மிடுக்காகத்தான் இழுத்தான். பார்த்துக்கோ என்றுகூடச் சொன்னான். முப்பதாவது இழுப்பில் பேச்சு நின்றது. நூறுக்கு மேல் தோள் நடுங்கத் தொடங்கியது. காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு எப்படி நிறுத்துவது? உதட்டைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

பாவாயி மரத்தைப் பார்க்கவில்லை. விரல் போனாலும் போகட்டும் என்று அவனையே பார்த்தாள். நன்றாகப் படட்டும் என்று ஆசையாக இருந்தது. கொஞ்ச நேரம் வேண்டுமென்றே உளியை அழுத்தியும் பிடித்தாள். ஆனால் அந்தத் தோள் நடுங்குவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மலையில் யாரும் இல்லை. கயிறு திரும்பும் நேரத்தில் அவள் உளியைத் தூக்கிவிட்டாள்.

கயிறு காலிக் குடம் போல லேசாக வந்தது. பலா பிளக்கவில்லை.

செங்கோடன் இழுப்பதை நிறுத்தினான். "ஏன் எடுத்த?"

"கை கனக்குமுங்க."

"யாரு கை?"

"உங்க கைதானுங்க."

அவன் கயிற்றைப் பார்த்தான். நுனிகளில் பதினைந்து வருஷமாக அவள் பிடித்துப் பிடித்துக் கறுத்த இடம் இருந்தது. தன் கை அதன்மேல் இருந்ததையும் பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. மறுபடி இழுக்கத் தொடங்கினான். பொழுது சாயும் வரை அவனே இழுத்தான். கயிறு போகும்போது அவள் கடைந்தாள், திரும்பி வரும்போது உளியைத் தூக்கினாள்.

மறுநாள் உளி அவன் கைக்கு வந்தது. அவனும் தூக்கினான்.

மழை வந்தபோது முப்பத்துமூன்று திருகைதான் ஆகியிருந்தது. மீதி ஏழு வீட்டார் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினார்கள், முணுமுணுத்தார்கள், பிழைத்தும் கொண்டார்கள். ஆடி முடிவதற்குள் பாவாயி தன் கூந்தலைத் தானே முடிந்துகொண்டாள்.

பலாவும் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வாயை மூடியதாம். "மிளக வயித்துல சுமக்கறேன், அரைக்கவும் அரைக்கறேன். ஆனா போற வழி மட்டுந்தான்."

ஆகையால் உங்கள் வீட்டு மிளகுத் திருகை ஒரு பக்கம் திருகினால் பொடியை உதிர்த்து, மறுபக்கம் திருகினால் வெறுமனே சுற்றுகிறது என்றால், அது பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பாவாயி உளியைத் தூக்கிய அன்று முதல், திரும்பி வருகிற வழி மரத்துக்கு ஓய்வு.