பல்லக்குத் தூக்கியின் முதுகு

முன்னொரு காலத்தில், நாட்டின் பேர் எதற்கு, ஓர் அரசனுக்குக் கிறுக்குத்தனமான ஆசை ஒன்று வந்தது. "முதுகெலும்புள்ள எந்த உயிரும் என் முன்னே முதுகை வளைத்துக் கும்பிட வேண்டும். மறுத்தால் கசையடி" என்று பறையறைவித்தான். வேறு வேலை இல்லை பாருங்கள்! அவன் காதில் இதை ஓதியவர் அமைச்சர் வரதராயர்.

முதலில் அகப்பட்டவன் சடையாண்டி. வாலிப வயதிலிருந்து அரசனின் பல்லக்கைச் சுமந்து சுமந்தே முதுகு விறைத்துப்போனவன்.

"வளைய மாட்டேங்குதுங்க சாமி. வச்சுக்கிட்டா வஞ்சனை பண்றேன்?" என்று அழுதான்.

விகடகவி மாசிலானுக்குப் பொறுக்கவில்லை. சுமந்தவனுக்கே கசையடியா? இது அடுக்குமா?

"அரசே, இந்த ஆணை எல்லா உயிருக்கும்தானே?" என்று எழுந்து நின்றான்.

வரதராயர் முந்திக்கொண்டார். மாசிலானை மாட்டிவிட நெடுநாளாகக் காத்திருந்தவர் அவர். "விலக்கே கிடையாது. வளையாத முதுகெலும்பு ஒன்றை விகடகவியார் காட்டட்டும். காட்டாவிட்டால் அவருக்கும் கசையடி. காட்டினால் அந்தப் பல்லக்கை நானே சுமக்கிறேன்!"

மாசிலான் அரண்மனைக் குளத்திலிருந்து ஒரு கெண்டை மீனைத் தொட்டியில் கொண்டுவரச் செய்தான். அது இடமும் வலமும் நெளிந்தது. "மீனின் முதுகு பக்கவாட்டில்தான் வளையும் அரசே. தங்களைப் பார்த்து 'மாட்டேன், மாட்டேன்' என்கிறது. எங்கே அந்தக் கசை?"

சபை கொல்லென்று சிரித்தது. "எப்படியோ வளைகிறதல்லவா?" என்று வரதராயர் சீறினார்.

அடுத்து ஆமை வந்தது. கழுத்தை நீட்டி அரசனைப் பார்த்தது. முதுகு அசையவே இல்லை.

"அதற்கு ஏது முதுகெலும்பு? வெறும் ஓடு!" என்றார் அமைச்சர்.

மாசிலான் விறுவிறுவென்று போய் அமைச்சரின் வெற்றிலைக் கிண்ணத்தைப் பிடுங்கி, வெற்றிலையைத் தரையில் கொட்டினான். அந்தக் கிண்ணமே ஓர் ஆமை ஓடுதான். அதன் உட்புறத்தை அரசனிடம் காட்டினான்.

"நடுவே நீள்வது முதுகெலும்பு. இருபுறமும் விரிந்தவை விலா எலும்புகள். நமக்கு அவை நெஞ்சைக் காக்கும் கூடு. ஆமைக்கோ ஓட்டோடு ஒட்டிப்போய்விட்டன. உயிரே போனாலும் வளையாது. தினமும் இதில் கையை விடும் அமைச்சருக்கு இது தெரியவில்லையே!"

அரசன் ஓட்டைத் தடவிப் பார்த்தான்.

"வளைவதுதான் விசுவாசம் என்றால் பாம்பைக் கூப்பிடுங்கள்." மாசிலான் குரலை உயர்த்தினான். "உடல் முழுக்க விலா எலும்பு, வேண்டியபடி வளையும். காலடியில் வைத்துக்கொள்வீர்களா? சடையாண்டியின் முதுகு தங்களைச் சுமந்து ஆமை ஓடாகிப்போனது. அதற்கா அடி?"

அரசனின் முகம் தொங்கிப்போனது. பிறகு மெல்ல அமைச்சரின் பக்கம் திரும்பினான். "பல்லக்கு காத்திருக்கிறது, வரதராயரே."

அன்று சடையாண்டி பல்லக்கில் வீடு போனான். முன்தண்டு வரதராயரின் தோளில். "பாத்து சாமி, பள்ளம் வருது" என்று வழியெல்லாம் சடையாண்டி பதறிக்கொண்டே போனான்.

மறுநாள் சபையில் எல்லோரும் குனிந்தார்கள். வரதராயர் மட்டும் விறைத்து நின்றார்.

"ஏன் குனியவில்லை?"

"இடுப்பு பிடித்துக்கொண்டது, பிரபு."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆணையை அங்கேயே நீக்கினான். தன் முத்துமாலையைக் கழற்றி மாசிலானுக்குப் போட வந்தான். மாசிலான் குனியவில்லை. அரசன்தான் எக்கிப் போட வேண்டியிருந்தது.