சவுரிமுத்து அரை கிலோ குறைந்த கதை

முட்டாள்கள் ஆளுக்கொரு தெருவில் தனித்தனியாக இருந்தவரைக்கும் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. செல்போன் வந்தது. நாற்பத்து மூன்று பேரை ஒரே குரூப்பில் சேர்த்துவிட்டது. குரூப்பின் பெயர் ‘லாயம் நண்பர்கள்’. குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவதுதான் அதன் வேலை.

அந்தக் குரூப்பில் நானும் பதினோரு நாள் இருந்தேன். முப்பத்தோரு வருஷம் ரேஸ் லாயத்தில் குதிரை தேய்த்தவன் நான். நாளைக்கு எது ஜெயிக்கும் என்று கேட்டார்கள். “அது எனக்குத் தெரியாது, மூணாம் நம்பர் குதிரைக்கு வயிறு சரியில்லை, அது மட்டும் தெரியும்” என்று எழுதினேன். குதிரையைப் பற்றி விஷயம் தெரியாதவர் என்று என்னை எடுத்துவிட்டார்கள். போன தை மாதம், வியாழக்கிழமை, சாயங்காலம் நாலேகால் மணிக்கு. நான் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

குரூப்புக்கு அட்மின் ஏகாம்பரம். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரேஸ் புத்தகத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அது அவருக்கு வேதம். அவர்கள் கூடுகிற இடம் சைதாப்பேட்டையில் தணிகாசலத்தின் பழைய பேப்பர் கடை. அங்கே பெரிய தராசு இருந்தது, கட்டுக் கட்டாக உட்கார இடமும் இருந்தது. என் வீடு அந்தக் கடைக்கு எதிர் வீடு. ஆகவே குரூப்பில் இல்லாவிட்டாலும் எனக்கு எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

கண்பட்டை கட்டின குதிரை பக்கத்தில் பார்க்காமல் நேராக ஓடும் என்று புத்தகத்தில் ஒரு வரி வந்தது. அன்றைக்கே தணிகாசலம் அட்டையில் கண்பட்டை செய்து கட்டிக்கொண்டார். புத்தகம் படிக்கும்போது பக்கத்துக் குதிரையின் பெயர் கண்ணில் படாதாம். படவில்லை. பக்கத்தில் வந்த மாடும் படவில்லை. இரண்டு நாள் இடுப்பில் எண்ணெய் போட்டுக்கொண்டு கிடந்தார்.

டிவிடெண்டு பற்றியும் ஒரு நாள் விவாதம் நடந்தது.

“ராயல் ஆர்டர் ஜெயிச்சா பத்து ரூபாய்க்குப் பதினொண்ணு தர்றான்” என்றார் ஏகாம்பரம். “லாஸ்ட் பஸ்னு ஒரு குதிரை இருக்கு. அது ஜெயிச்சா நானூறு தருவான். இப்போ சொல்லுங்க, எது நல்ல குதிரை?”

“நானூறு தர்றதுதான்” என்றார் மஸ்தான் பாய். இவர் குடை ரிப்பேர் செய்பவர். குரூப்பில் இவர் சொன்ன குதிரை இதுவரை ஒன்றுகூட ஜெயித்ததில்லை.

“அப்போ ஜனங்க ஏன் அதுமேல கட்டறதில்ல?”

எல்லோரும் யோசித்தார்கள்.

“படிக்காதவங்க” என்றார் தணிகாசலம்.

இந்த நேரத்தில்தான் தையல்காரர் சவுரிமுத்துவுக்கு அதிர்ஷ்டம் பிடித்தது. அவர் குரூப்பில் சொன்ன குதிரை மூன்று வாரம் தொடர்ந்து ஜெயித்தது. குரூப்பில் முணுமுணுப்பு எழுந்தது. வாரா வாரம் அவரே ஜெயித்தால் மற்ற நாற்பத்திரண்டு பேர் எதற்கு என்று கேட்டார்கள். ஏகாம்பரம் புத்தகத்தைப் புரட்டி விதியைக் கண்டுபிடித்தார். ‘திறமையான குதிரைக்கு அதிக எடை ஏற்றப்படும். அப்போதுதான் எல்லாக் குதிரைக்கும் சமவாய்ப்பு.’

“அச்சுல இருக்கு” என்றார் ஏகாம்பரம். “சவுரி, உனக்கு அஞ்சு கிலோ.”

“எப்போ தூக்கணும் தலைவரே?”

“நீ குதிரை பேர் போட்டதுல இருந்து ரிசல்ட் வர்ற வரைக்கும்.”

தணிகாசலம் எடைக்கல் கொடுத்தார். சவுரிமுத்து ஒரு அரிசிச் சாக்கில் இரண்டு பட்டை வைத்துத் தைத்து முதுகில் மாட்டிக்கொண்டார். தையல் நன்றாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மஸ்தான் பாய் கை தூக்கினார். “நான் பதினெட்டு தடவ தோத்திருக்கேன். என் எடை மைனஸ்ல போகுது. நியாயப்படி என்னை யாராச்சும் தூக்கணும்.”

அதில் நியாயம் இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவர் எண்பத்தெட்டு கிலோ. அதனால் அவருக்கு மட்டும் நாற்காலி என்று தீர்ப்பாயிற்று.

அஞ்சு கிலோவோடும் சவுரிமுத்து ஜெயித்தார். பத்து ஆக்கினார்கள். அதற்கும் ஜெயித்தார். இருபது ஆக்கினார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமையைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று காலை சவுரிமுத்துவின் மனைவி ரோசம்மாள் அவர் கையில் காலி சிலிண்டரையும் ஆயிரம் ரூபாயையும் கொடுத்தார். மகளைக் கட்டிக்கொடுத்த வேலூர் சம்பந்தி வீட்டார் ஏழு மணிக்குச் சாப்பிட வருகிறார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவை.

“கேஸ் குடோன் ஆறு மணிக்கு மூடிடுவான்” என்றார் ரோசம்மாள். “சிலிண்டர் இல்லாம வந்தீங்கன்னா, அப்படியே சம்பந்தியோட வேலூருக்குப் போயிடுங்க. எனக்கு வேணாம்.”

சவுரிமுத்து நேரே தணிகாசலம் கடைக்கு வந்தார். சிலிண்டரைக் கடையில் வைத்தார். லாஸ்ட் பஸ் என்று குரூப்பில் பெயர் போட்டார். தராசில் ஏறி, மூட்டையோடு எண்பத்தொரு கிலோ என்று குறிக்கச் சொன்னார். பிறகு ஆயிரத்தையும் எடுத்துக்கொண்டு ஏகாம்பரம், தணிகாசலம், மஸ்தான் பாய் மூவரோடும் ரேஸ் மைதானத்துக்குப் பஸ் ஏறினார். கண்டக்டர் மூட்டைக்குத் தனி டிக்கெட் கேட்டார். ஏகாம்பரம் முன்னாள் டிப்போக்காரர் என்பதால் மகிழ்ச்சியோடு வாங்கிக் கொடுத்தார்.

ரேஸ் மைதானத்தில் நானும் வேலி ஓரம் நின்றிருந்தேன். ஆறாவது ரேஸ். சவுரிமுத்து ஆயிரத்தையும் லாஸ்ட் பஸ் மேல் கட்டியிருந்தார். முன்னால் ஓடிய இரண்டு குதிரைகள் வளைவில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளிப்பக்கம் போயின. பின்னாலிருந்த லாஸ்ட் பஸ் உள்பக்கம் கிடைத்த சந்தில் புகுந்து, கழுத்தளவு வித்தியாசத்தில் ராயல் ஆர்டரை முந்திவிட்டது. பத்து ரூபாய்க்கு நானூற்றுப் பன்னிரண்டு என்று பலகையில் எழுதினார்கள். சவுரிமுத்து மூட்டையோடு குதித்தார். நாற்பத்தோராயிரத்து இருநூறு ரூபாய்க்கு யாராக இருந்தாலும் குதிப்பார்கள்.

“ராயல் ஆர்டர் ஜாக்கி கடைசில ஏன் பின்னாடி திரும்பிப் பார்த்தான்?” என்று தணிகாசலம் ஆரம்பித்தார்.

“யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க” என்றார் மஸ்தான் பாய். அவர் ராயல் ஆர்டர் மேல் கட்டியிருந்தார்.

“மரியாதை தெரிஞ்ச பையன்” என்றார் ஏகாம்பரம்.

கவுன்டர் இருபது அடி தூரத்தில் இருந்தது. மணி மூன்றரை. சவுரிமுத்து அதை நோக்கி இரண்டு அடி வைத்தார். ஏகாம்பரம் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“அங்க பாரு.”

ஜெயித்த ஜாக்கி சேணத்தைத் தூக்கிக்கொண்டு எடை மேடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“பார்த்தியா? எடை போட்டுச் சரியா இருந்தாத்தான் ஜெயிச்சது செல்லும். நீ எடை போடாம பணம் வாங்கினா நாளைக்குப் பிரச்சினை.”

“இங்கேயே போட்டுக்கலாமா தலைவரே?”

“காலையில எந்தத் தராசோ, சாயங்காலமும் அந்தத் தராசு.”

எனக்கு மனது கேட்கவில்லை. “ஏம்பா, இருபது அடியில பணம் இருக்கு. வாங்கிட்டுப் போங்களேன்” என்றேன்.

ஏகாம்பரம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க குரூப்புல இல்ல” என்றார்.

நானும் சரி என்று வாயை மூடிக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். மூட்டைக்கு மறுபடியும் டிக்கெட் வாங்கினார்கள்.

கடைக்கு வந்து சவுரிமுத்து தராசில் ஏறினார். எண்பதரை கிலோ. அரை கிலோ குறைந்தது.

சவுரிமுத்து சட்டையைப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. “வெயில்ல நின்னேன், குதிச்சேன். எல்லாம் வேர்வையாப் போயிடுச்சு. ஒரு சொம்புத் தண்ணி குடிச்சா சரியாயிடும்.”

“ரேஸ் முடிஞ்சு குதிரைக்குத் தண்ணி காட்டலாம்” என்றார் ஏகாம்பரம். “எடை போடறதுக்கு முன்னாடி ஜாக்கி குடிக்கக் கூடாது.”

“நான் குதிரையா, ஜாக்கியா?”

நல்ல கேள்விதான். மூன்று பேரும் பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்தார்கள்.

“சுமந்தது நீ. அதனால நீ குதிரை” என்றார் தணிகாசலம்.

“அப்போ ஜாக்கி யாரு?”

“உன் மேல உட்கார்ந்து வந்தது மூட்டை. மூட்டைதான் ஜாக்கி.”

சவுரிமுத்து முகத்தில் வெளிச்சம் வந்தது. மூட்டையை மட்டும் எடை போட்டார்கள். அப்பழுக்கில்லாமல் இருபது கிலோ.

“ஜாக்கி சரியா இருக்கான்” என்றார் ஏகாம்பரம். “குதிரைதான் இளைச்சிருக்கு. குதிரை இளைச்சா என்ன விதின்னு புத்தகத்துல இல்லையே.”

வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்கள். “குதிரைக்காரரே, குதிரை எடை குறைஞ்சா என்ன பண்ணுவாங்க?”

“புல்லு போடுவோம்” என்றேன்.

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். “இதுக்குத்தான் இவரை எடுத்தோம்” என்றார் தணிகாசலம்.

குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தார்கள். சவுரிமுத்து ஜெயித்தது செல்லுமா, செல்லாதா. ஆறு பேர் செல்லும் என்றார்கள். ஒன்பது பேர் செல்லாது என்றார்கள். பதினாலு பேர் பூப்படம் போட்டு ‘இனிய மாலை வணக்கம்’ என்றார்கள். மாலை வணக்கம்தான் அதிகமாக இருந்தது. ஆனால் அதை வைத்து என்ன தீர்ப்பு சொல்வது என்று தெரியாததால், இரண்டாவதாக வந்த ‘செல்லாது’ ஜெயித்ததாக ஏகாம்பரம் அறிவித்தார்.

“முதல்ல வந்தது தள்ளுபடி ஆனா ரெண்டாவது வந்தது முதல்” என்றார் மஸ்தான் பாய், வெட்கத்தோடு. “ராயல் ஆர்டர் என்னோடது.”

“பாய், வீட்டுக்குச் சம்பந்தி வர்றாங்க” என்றார் சவுரிமுத்து. “சிலிண்டர் இல்லாம நான் வாசப்படி ஏற முடியாது.”

“எனக்கு மட்டும் சந்தோஷமா? விதிடா. பணம் வாங்கினதும் முதல் வேலையா உனக்குச் சிலிண்டர். குடோன் மூடறதுக்குள்ள வந்துடறேன்.”

இதைச் சொல்லும்போது பாய் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். நல்ல மனுஷன். மூளைதான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

அவர் கிளம்பினதும் சவுரிமுத்துவின் தள்ளுபடியான டிக்கெட்டை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. பழைய பேப்பர்தானே என்று தணிகாசலம் அதைத் தராசில் வைத்தார். முள் அசையவில்லை. எடை இல்லாததற்கு விலை இல்லை என்று சொல்லி, அவிழ்ந்து கிடந்த ஒரு பேப்பர் கட்டுக்குள் செருகிவிட்டார். ஐந்து மணிக்கு பேப்பர் மில் லாரி வந்து கட்டுகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போயிற்று.

கவுன்டரில் நடந்ததை அங்கே டிக்கெட் வாங்கிப் பார்க்கும் தெரிந்த பையன் அப்புறம் எனக்குச் சொன்னான்.

“இது தோத்த டிக்கெட்டுங்க” என்றானாம்.

“தீர்ப்பு மாறிடுச்சு தம்பி. உனக்குத் தகவல் வரலையா?”

“யார் தீர்ப்பு?”

“ஏகாம்பரம்.”

பையன் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறான். மஸ்தான் பாய் கோபப்படவில்லை. குரூப்பில் சேர்க்கிறேன், உன் நம்பரைக் கொடு என்று கேட்டிருக்கிறார். அதையும் கொடுக்கவில்லையாம்.

பாய் வெறுங்கையோடு திரும்பும்போது மணி ஆறு பத்து. குடோன் மூடிவிட்டது. சவுரிமுத்து காலி சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏகாம்பரம் குனிந்து சிலிண்டரில் எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

“அழாத. புது சிலிண்டருக்கும் காலி சிலிண்டருக்கும் என்ன வித்தியாசம்? பதினாலு கிலோ இருநூறு கிராம். அச்சுல இருக்கு. அவ்வளவுதான் குறையுது. குறையற எடையை ஏத்திட்டா சரியாப் போச்சு.”

பத்து கிலோ ஒன்று, இரண்டு கிலோ இரண்டு, இருநூறு கிராம் ஒன்று. எடைக்கற்களைச் சாக்கில் போட்டு, சிலிண்டரின் கழுத்தில் கம்பியால் கட்டித் தராசில் வைத்தார்கள். மிகச் சரியாக இருந்தது. நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். நானும் பின்னால் போனேன். இதைப் பார்க்காமல் எப்படி இருப்பது.

வீட்டில் சம்பந்தி வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். ரோசம்மாள் சிலிண்டரைப் பார்த்தார்.

“கழுத்துல என்ன கட்டியிருக்கு?”

“அதுதாம்மா கேஸ்” என்றார் ஏகாம்பரம். “கிராம் பிசகாது.”

ரோசம்மாள் குழாயை மாட்டி, குமிழைத் திருப்பி, தீக்குச்சியைக் கிழித்தார். குச்சி விரல்வரை எரிந்து அணைந்தது. இன்னொன்று கிழித்தார். அதுவும் அப்படியே. அவர் திரும்பிக் கணவரைப் பார்த்த பார்வையில் சவுரிமுத்துவுக்கு வேலூர் தெரிந்தது.

அப்போது சம்பந்தி எழுந்து வந்தார். சிலிண்டரை ஒரு கையால் தூக்கிப் பார்க்க முயன்றார், முடியவில்லை. இரண்டு கையாலும் தூக்கினார். திருப்தியாகத் தலையாட்டினார்.

“சிலிண்டர் முழுசாத்தான் இருக்கு. கோளாறு அடுப்புல.”

சவுரிமுத்து அவரை அப்படியே தழுவிக்கொண்டார். எவ்வளவு நல்ல இடத்தில் மகளைக் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது. ஐந்து பேருமாக அடுப்பைக் கழற்றித் தணிகாசலம் கடைக்குத் தூக்கிப் போனார்கள். எரியாத அடுப்பு பழைய இரும்புதான் என்று தீர்ப்பாயிற்று. நண்பர் என்பதற்காகத் தணிகாசலம் எடை பார்க்காமலே ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

சவுரிமுத்து ஓட்டமாக வீட்டுக்கு வந்து அந்தப் பணத்தை ரோசம்மாள் கையில் வைத்தார்.

“காலையில நீ கொடுத்த ஆயிரம், முழுசா இருக்கு பாரு. நாளைக்கு முதல் ஆளாப் போய் சிலிண்டர் எடுத்துட்டு வந்துடறேன்.”

ரோசம்மாள் பணத்தைப் பார்த்தார். அடுப்பு இருந்த மேடையைப் பார்த்தார். “எதுல வச்சு எரிக்கிறது?” என்று கேட்டார்.

நாலு பேரும் சம்பந்தியும் யோசித்தார்கள். கடைசியில் ஏகாம்பரம்தான் ஆறுதலாகச் சொன்னார்:

“அது அடுத்த ரேஸும்மா. இந்த ரேஸ் நாம ஜெயிச்சாச்சு.”