அடி வாங்கி எரிஞ்ச ஃபிளாஷ் லைட்

ஒரு ஊர்ல ஒரு ஃபிளாஷ் லைட் இருந்துச்சு. டார்ச் இல்லடி, கேமரா தலையில மாட்டுவாங்களே, பளீர்னு வெட்டுமே, அது. நாலு பென்சில் பேட்டரி போட்டு ஸ்விட்சைத் தள்ளுனா 'ஙீஈஈ'ன்னு முனகும், செவப்பா ஒரு கண்ணு முழிக்கும், அப்புறம் பளீர். ஆனா மனசு வந்தாதான் முழிக்கும். இல்லைன்னா செத்த எலி மாதிரி கெடக்கும். இப்ப நீ அந்தப் பாட்டுப் பொம்மைய மடேர் மடேர்னு அடிச்சியே, அப்படி அடி வாங்குன ஜென்மம் அது. பொம்மைய இங்க குடு. தலையணையில தலைய வை. சித்தி கதை சொன்னா 'ம்' கொட்டணும்.

"ம்."

அது ஒரு போட்டோக்காரர்கிட்ட இருந்துச்சு. திருத்துறைப்பூண்டியில கடை. ஆள் ஒல்லி, மீசை மட்டும் குண்டு. அந்த வருஷம் ஆயுத பூஜை வரைக்கும் ஃபிளாஷ் ஒழுங்காத்தான் எரிஞ்சுது. அதுக்கு அப்புறம்தான் இந்த வியாதி.

மொதல்ல ஒரு காதுகுத்து. ஆசாரி ஊசிய எடுத்தாரு, கொழந்தை 'ஆ'ன்னு வாயத் தொறந்துச்சு, இவர் அமுக்குனாரு. ஒண்ணும் இல்ல. உள்ளங்கையால பட் பட்னு ரெண்டு வச்சாரு. 'ஙீஈஈ'ன்னு முழிச்சுது. அதுக்குள்ள குத்தி முடிச்சாச்சு, கொழந்தை மிட்டாய் சப்புது. அப்போ இந்த மனுஷன், இன்னொரு தடவை குத்த முடியுமான்னு கேட்டாரு. தாய்மாமன் தெருமுனை வரைக்கும் தொரத்திட்டுப் போனாரு. ம் சொல்லு.

"ம்."

அப்புறம் ஒரு வளைகாப்பு. பேட்டரிதான் சோர்ந்து போச்சுன்னு நெனச்சு, மொட்டை மாடியில அவங்க அம்மா வடாம் பிழிஞ்ச வேட்டி ஓரத்துல நாலு பேட்டரியையும் வெயில்ல காய வச்சாரு. காக்கா வந்து ஒண்ணக் கொத்திப் பாத்துட்டுத் துப்பிட்டுப் போச்சாம். அந்தப் பேட்டரியப் போட்டுக்கிட்டுப் போனாரு. வளையல் அடுக்குன நேரமெல்லாம் ஃபிளாஷ் தூங்குச்சு. பந்தியில சும்மா அமுக்கிப் பாத்தாரு, பளீர். ஆல்பத்துல வளையலே இல்ல. ஒரு பெரியம்மா வாய்க்குள்ள முழு லட்டு போற படம் மட்டும் நல்லா தெளிவா இருந்துச்சு.

மூணாவது உங்க அம்மா கல்யாணம்.

"எங்க அம்மாவா?"

உங்க அம்மாதான். கண்ணை மூடிக்கிட்டுக் கேளு. அப்போ உங்க தாத்தா கப்பல்ல வேலையா இருந்தாரு. லீவு கெடைக்கல. பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு அப்பா வர முடியலன்னா எப்படி இருக்கும்? போன்ல அழுதாரு. தாலி கட்டுற நிமிஷத்தை மட்டும் ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புங்க, எனக்கு அது போதும்னாரு.

போட்டோக்காரர் அன்னிக்குப் புது பேட்டரி நாலு போட்டுட்டு வந்தாரு. ஆனா மேளம் டும்டும்னு ஏறுன நேரத்துல பொசுக்குன்னு கரண்டு போச்சு. ஜெனரேட்டர்காரரு டீசல் வாங்கப் போயிட்டாரு. மண்டபம் பூரா ஹோமப் புகை. போன்ல எடுத்துப் பாத்தோம், புகைதான் வந்துச்சு. படம் எடுக்க அந்த ஃபிளாஷ விட்டா வேற வெளிச்சம் இல்ல. அமுக்குனாரு, இல்ல. தட்டுனாரு, இல்ல. வாயால ஊதுனாரு, அதுவும் இல்ல. உங்க அப்பா தாலியக் கையில தூக்கிக்கிட்டு நிக்கறாரு. நேரம் போகுதுன்னு ஐயர் கத்துறாரு.

எனக்கு வந்துச்சு பாரு கோபம். பேட்டரி புதுசு. அப்பப்ப அடிச்சா முழிக்குது. அப்போ உள்ள எங்கேயோ சரியாத் தொடலன்னுதானே அர்த்தம்? வெடுக்குன்னு பிடுங்குனேன், மூடியத் தொறந்தேன், பேட்டரியெல்லாம் மஞ்சளரிசித் தட்டுல கொட்டுனேன், குத்துவிளக்குக்கிட்ட காட்டுனேன். உள்ள ஸ்பிரிங்கு மேல, தகடு மேல, மஞ்சளா அப்பியிருக்கு. நடுவுல குங்குமப் பொட்டு வேற.

"யாரு வச்சது இத?"

"நான்தாங்க. ஆயுத பூஜைக்கு. வெளியில வச்ச சந்தனம் அழிஞ்சிடுது. உள்ளதான சக்தி இருக்குன்னு..."

சக்தியாம். காஞ்ச சந்தனத்துல வெடிப்பு விட்ட எடத்துல பேட்டரி பட்டா எரியும், படலன்னா எரியாது. அவ்வளவுதான் வியாதி. ரவிக்கையில குத்தியிருந்த ஊக்கைக் கழட்டி சரக் சரக்னு சொரண்டுனேன். பட்டுப் பொடவைன்னும் பாக்காம முந்தானையால தொடச்சேன். பேட்டரியப் போட்டேன். 'ஙீஈஈ', செவப்புக் கண்ணு முழிச்சுது. "ம், கட்டுங்க"ன்னேன். பளீர்.

அந்தப் படம்தான் கூடத்துல தொங்குது. உங்க அம்மா கழுத்துல தாலி ஏறுது, அவ சிரிக்கிறா. ஓரத்துல ஊக்கைப் பிடிச்ச ஒரு கை, கட்டைவிரல் பூரா மஞ்சள். கப்பல்ல தாத்தா அதைப் பாத்துப் பாத்து அழுதாராம். அப்புறம் போன் பண்ணி, அது சின்னவ கைதானேன்னு கேட்டாரு. அந்தப் போட்டோக்காரப் பையன் எப்படின்னும் கேட்டாரு.

"சித்தி."

என்னடி.

"அந்தப் போட்டோக்காரர் நம்ம சித்தப்பாவா?"

ம்.

சிரிக்காத, தூங்கு. இரு, உன் பொம்மைக்கு என்னதான் நோவுன்னு மூடியத் தொறந்து பாக்குறேன். போன வாரம்தான ஆயுத பூஜை போச்சு... அடப்பாவி மனுஷா, இதுலயும் மஞ்சளா இருக்கு. அந்த ஊக்கை எடு. காலையில பொம்மை பாடும். கதைக்குப் பேட்டரி தீந்துபோச்சு, நீயும் கண்ணை அணைச்சுக்கோ.